தராசு பார்த்ததும் பாராததும்

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் நாட்டில் 33 இடங்களில் சோதனை முறையில் தொடங்கியது. தமிழகத்தின் பங்குக்கு வந்தவை மூன்று. ஒன்று சென்னை நகரம். இன்னொன்று மதுரை மாவட்டத்தில் அப்போது இருந்த நிலக்கோட்டை. மூன்றாவது, அன்றைய தருமபுரி மாவட்டத்தின் கோடியில், கர்நாடக எல்லையைத் தொட்டுக் கிடந்த தளி. பின்தங்கிய வட்டாரங்களைத் தேடித்தான் அந்தத் திட்டம் போனது. தளி அந்தப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைப்படும் செய்தி அல்ல. ஆனால் குழந்தையை மாதந்தோறும் எடை போட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் தமிழகத்தில் முதலில் வேர்விட்ட இடங்களில் அதுவும் ஒன்று என்பது நினைவில் வைக்கத் தக்கது.

அன்று தளிக்குப் போன தராசு மெலிந்த குழந்தையைத் தேடிப் போனது. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே எல்லைப் பகுதியில் மெலிந்த குழந்தை இன்னும் இருக்கிறது. ஐந்து வயதுக்குள்ளேயே அளவு மீறிப் பருத்த குழந்தையும் இருக்கிறது. முதல் குழந்தையைக் கண்டுபிடிக்க நாம் பழகிவிட்டோம். இரண்டாவது குழந்தையைக் கண்டுபிடிக்க இப்போதுதான் பழகத் தொடங்கியிருக்கிறோம்.

தளியை உள்ளடக்கிய அன்றைய ஓசூர் வட்டாரத்தின் சாப்பாடு கேழ்வரகைச் சுற்றி அமைந்தது. தமிழ் பேசும் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தெ, தெலுங்கு வீட்டில் சங்கட்டி. பெயர் மாறினாலும் உருண்டை ஒன்றுதான். கூடவே அவரைக்கொட்டைக் குழம்போ, கொள்ளுச் சாறோ, கீரைக் கடைசலோ இருக்கும். மழை பொய்த்த ஆண்டில் உருண்டை சிறுத்தது; கடைசியாகச் சாப்பிடும் தாய்க்கும் அவள் இடுப்பில் இருந்த குழந்தைக்கும் இன்னும் சிறுத்தது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதில் சிறு பங்குகூட இல்லை. உணவு நல்ல உணவு. குறை அதன் தரத்தில் இல்லை, அளவில் இருந்தது.

பிறகு ஆலைகள் வந்தன. மாநில அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான சிப்காட் 1971-இலேயே அமைக்கப்பட்டிருந்தது. 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும், அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டனும் ஓசூரில் இயங்கத் தொடங்கின. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. 2019-இல் ஓசூர் மாநகராட்சியானது. என்.எச். 7 என்று அழைக்கப்பட்ட நெடுஞ்சாலை இன்று 44 என்ற எண்ணோடு ஊரை ஊடறுத்துப் போகிறது. இன்று போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டரும், ஓசூரை அடுத்துக் கைபேசிப் பாகங்களும் தயாராகின்றன. அந்த வரிசைகளில் நிற்பவர்களில் பல்லாயிரம் பேர் இளம்பெண்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த குடும்பங்கள் ஒற்றை அறை வாடகை வீடுகளில் இருக்கின்றன. மாதச் சம்பளம் வந்தது. அரிசி தட்டுப்பாடின்றி வந்தது. பிஸ்கட்டும் சிப்ஸும் ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களாக எல்லாப் பெட்டிக்கடையிலும் தொங்கின. பசி பின்வாங்கியது. அது சிறிய வெற்றி அல்ல. அந்த வெற்றியின் நிழலில்தான் புதிய சிக்கல் வளர்ந்தது.

தளிக்குத் தராசு போன அந்த நாட்களில் எடை போடுவது எப்படி நடந்தது? பால்வாடியின் உத்தரத்திலோ மரக்கிளையிலோ சுருள்வில் தராசைக் கொக்கியில் மாட்டுவார்கள். அதன் கீழே துணித்தொட்டில் அல்லது கால் நுழைக்கும் கால்சட்டை போன்ற பை. முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழந்தையை அதில் இருத்துவார்கள். குழந்தை அழும், உதைக்கும், முள் ஆடும். அது அடங்கும் நொடியில் எண்ணைப் படிக்க வேண்டும். வயதைக் கண்டறிவது அதைவிடக் கடினம். பிறப்புச் சான்றிதழ் அரிதாக இருந்த காலத்தில், தேர்த் திருவிழாவுக்கு முன்னாலா பின்னாலா, கேழ்வரகு அறுப்புக்கு எத்தனை மாதம் கழித்து என்று கேட்டுக் கேட்டு மாதக் கணக்கை நெருங்குவார்கள். எடை போட்டால் கண் பட்டுவிடும் என்று தயங்கிய தாய்மார்களும் இருந்தார்கள். அவர்களிடம் பேசி இணங்கவைப்பதும் ஊழியர் வேலைதான்.

எடை தெரிந்ததும் அட்டையில் ஒரு புள்ளி. அடுத்த மாதம் இன்னொரு புள்ளி. இரண்டையும் இணைத்து ஒரு கோடு. கோடு ஏறினால் பிள்ளை தேறுகிறது, படுத்தால் கவனம், இறங்கினால் ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் புரிந்த பாடம் அது. 1980-இல் உலக வங்கி உதவியோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இந்தக் கோட்டின் மேலேயே நின்றது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, கோடு தளர்ந்த குழந்தைக்கு மட்டும் 90 நாள் கூடுதல் உணவு தந்தார்கள். 500 கிராமாவது ஏறினால் உணவு நிறுத்தப்பட்டது. 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் பள்ளிக்கு வராத சிறு பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து தமிழகத்தை மற்ற மாநிலங்கள் வந்து பார்க்கும் இடமாக்கின.

ஆனால் அந்த அட்டைக்கு ஒரு குருட்டுப் பக்கம் இருந்தது. 1972-இல் இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்த படிநிலையின்படி, வயதுக்குரிய எடையில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் குழந்தை இயல்பானது. 71 முதல் 80 வரை முதல் நிலைக் குறைவு. 61 முதல் 70 வரை இரண்டாவது. 51 முதல் 60 வரை மூன்றாவது. 50-ம் அதற்குக் கீழும் நான்காவது. கீழ்நோக்கி நான்கு படிகள். மேல்நோக்கி ஒன்றும் இல்லை. 85 சதவீதக் குழந்தையும் இயல்பு, 150 சதவீதக் குழந்தையும் இயல்பு. கைச்சுற்றளவு பார்க்கும் நாடாவிலும் இதே கதைதான். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் எல்லாம் பச்சை. பச்சைக்கு அப்பால் நிறமே கிடையாது. அதற்காக அதை வகுத்தவர்களைக் குறை சொல்ல முடியாது. வீடு தீப்பற்றி எரியும்போது வெள்ளத்துக்கு அணை கட்டுவதில்லை.

உயரம் அளக்கப்படாததே பெரிய இழப்பு. 1992-93-இல் முதல் தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு நடந்தபோது தமிழகத்தில் குழந்தைகளின் எடையைப் பார்த்தார்கள், உயரத்தைப் பார்க்கவில்லை. அளவுப் பலகை உரிய நேரத்தில் கிடைக்காததுதான் காரணம். ஆந்திரம், மேற்கு வங்கம், மத்தியப் பிரதேசம், இமாசலப் பிரதேசம் ஆகியவற்றிலும் அதே நிலை. அந்தக் கணக்கில் தமிழகத்தில் நான்கு வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் வயதுக்கேற்ற எடையில்லாதவர்கள். எத்தனை பேர் குட்டையாகிப் போனார்கள், எத்தனை பேர் உயரத்துக்கு மீறிப் பருத்திருந்தார்கள் என்பதை அந்தக் கணக்கு சொல்ல முடியாது. இரண்டாவது கேள்வியைக் கேட்கும் எண்ணமே அன்று யாருக்கும் வந்திருக்காது.

எடை மட்டும் போதாது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். நான்கு வயதுப் பையன். எடை 16 கிலோ. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அந்த வயதுப் பையனின் நடுநிலை எடை 16.3 கிலோ. பழைய அட்டையில் அவன் புள்ளி நல்ல இடத்தில் விழும்; ஊழியரும் தாயும் நிம்மதியாகப் போவார்கள். இப்போது அவனை உயரக்கோலில் நிறுத்துங்கள். உயரம் 91 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதுக்கு நடுநிலை உயரம் 103 சென்டிமீட்டர். அவன் வளர்ச்சி குன்றியவன். 91 சென்டிமீட்டர் உயரத்துக்கு 16 கிலோ அதிகம். ஆகவே அவன் அதிக எடை கொண்டவனும்கூட. பட்டினியின் தடமும் மிகுதியின் தடமும் ஒரே உடலில் இருக்கின்றன. எடைத்தட்டு அவனை இயல்பானவன் என்கிறது. உயரக்கோல்தான் உண்மையைச் சொல்கிறது.

மாற்றம் படிப்படியாக வந்தது. 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்து, 2006-இல் உலக சுகாதார நிறுவனம் புதிய வளர்ச்சி அளவுகோலை வெளியிட்டது. தாய்ப்பால் குடித்து, நல்ல சூழலில் வளரும் குழந்தை எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பதே அதன் முடிவு. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியில் அளக்கப்பட்டார்கள். இந்தியா அதை 2008-இல் ஏற்றது. அந்த அளவுகோலில் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லையும் உண்டு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் உயரத்துக்கேற்ற எடை, நடுநிலையிலிருந்து இரண்டு திட்ட விலக்கத்துக்கு மேல் போனால் அதிக எடை. மூன்றுக்கு மேல் போனால் உடற்பருமன். ஐந்து வயதைத் தாண்டியதும் வரம்பு இறுகுகிறது: உடல் நிறைக் குறியீடு ஒரு விலக்கத்தைக் கடந்தாலே அதிக எடை, இரண்டைக் கடந்தால் உடற்பருமன்.

2018 மார்ச்சில் தேசிய ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியான் தொடங்கியபின் அங்கன்வாடிகளுக்குப் படுக்கவைத்து நீளம் பார்க்கும் பலகை, நிறுத்திவைத்து உயரம் பார்க்கும் கோல், கைக்குழந்தைக்குத் தனித் தராசு, தாயும் சேயும் ஏறும் தராசு என நான்கு கருவிகள் வந்தன. 2021 முதல் அளவுகள் கைபேசியில் போஷன் டிராக்கர் செயலிக்குப் போகின்றன. ஊழியர் எண்களைப் பதிந்தால் போதும். குழந்தை எந்த வரம்பில் நிற்கிறது என்பதைச் செயலி கணக்கிடுகிறது. பிறந்த தேதி சான்றிதழில் இருக்கிறது. திருவிழாவை வைத்து வயது கணக்கிட வேண்டியதில்லை. வேலை தேடி ஊர் மாறும் குடும்பத்தின் பதிவை இன்னொரு மையத்துக்கு மாற்றவும் வழி இருக்கிறது. ஓசூர் போன்ற ஊருக்கு அது பெரிய வசதி. தமிழக அரசு 2022 மே மாதம் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வீடுவரை தேடி அளந்தது.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண்களும் மாறின. 2015-16-இல் தமிழகத்தில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 27.1 சதவீதம் வளர்ச்சி குன்றியவர்கள், 2019-21-இல் 25. உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள் 19.7-இலிருந்து 14.6 ஆனார்கள். அதிக எடை கொண்டவர்கள் 5 சதவீதத்திலிருந்து 4.3 ஆனார்கள். நாடு முழுவதும் பார்த்தால் அதிக எடை 2.1-இலிருந்து 3.4 ஆக ஏறியது. அதாவது தமிழகம் இதில் சற்றே இறங்கினாலும் நாட்டுச் சராசரிக்கு மேலேதான் நிற்கிறது. தாய்மார் பக்கம் பார்த்தால் கவலை கூடுகிறது. 15 முதல் 49 வயதுவரையிலான தமிழகப் பெண்களில் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள் 30.9 சதவீதத்திலிருந்து 40.4 சதவீதமானார்கள். உலக அளவில், 5 முதல் 19 வயதினரிடையே உடற்பருமன் கொண்டவர்கள் எடை குறைந்தவர்களை முதன்முறையாக முந்திவிட்டார்கள் என்று 2025 செப்டம்பரில் யுனிசெஃப் அறிவித்தது.

நம் குழந்தைகளுக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. புனேயைச் சுற்றிய கிராமங்களில் 1990-களில் டாக்டர் சி.எஸ். யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்தார்கள். சராசரி எடை 2.7 கிலோ, ஐரோப்பியக் குழந்தையைவிட ஏறத்தாழ 800 கிராம் குறைவு. ஆனால் குறைந்தது பெரும்பாலும் தசையும் உள்ளுறுப்புகளும். தோலடிக் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு. இப்படிப் பிறக்கும் குழந்தை பின்னால் வேகமாக எடை கூடினால் சர்க்கரை நோய்க்கு வாசல் திறக்கிறது. ஆகவே ஓசூர் ஆலையில் இன்று வேலை பார்க்கும் இருபது வயதுப் பெண்ணின் சாப்பாடும் இரத்தசோகையும் நாளைய குழந்தையின் எடையோடு தொடர்புள்ளவை.

பருத்த குழந்தையை நாம் பார்க்கும் கண்ணும் ஒரு காலத்தின் படைப்புதான். பால்பவுடர் டின்களில் கொழுகொழுவென்று சிரித்த குழந்தையைப் பார்த்துத்தான் ஒரு தலைமுறை ஆரோக்கியத்துக்கு இலக்கணம் எழுதிக்கொண்டது. 1992-இல் வந்த சட்டம் அந்த டின்களில் குழந்தைப் படம் போடுவதைத் தடுத்தது. படம் போனது, ஆசை போகவில்லை. பிள்ளைகள் இறந்துபோன காலத்தை அறிந்த பாட்டிக்கு, மடிப்பு விழுந்த தொடை என்பது பிழைத்துக்கொள்வான் என்ற நம்பிக்கை. ‘ஊளைச்சதை’ என்று அதே பாட்டிமார் சொல்வதும் உண்டு. எது எது என்று பிரித்தறியும் பொறுமைதான் இடையில் நழுவியது.

நழுவியவை வேறும் உண்டு. தாயின் கண்முன் அட்டையில் கோடு வரைந்த நிமிடம் போனது. இன்று எண் செயலிக்குப் போகிறது. பல இடங்களில் தாய்க்கு என்ன சொல்லப்பட்டது என்பது பதிவின் அவசரத்தில் மறைகிறது. பணிநேரம் மாறி மாறி வரும் வீட்டில், தூங்கும் தகப்பனை எழுப்பாமலிருக்கக் குழந்தையின் கையில் கைபேசி தரப்படுகிறது. இரண்டு முதல் நான்கு வயதுவரை திரை ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, நாளில் 180 நிமிடமாவது உடல் அசைய வேண்டும் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஓடியாட இடம் எங்கே? வயல் வரப்பு மனைப்பிரிவானது. தெருவில் லாரி ஓடுகிறது. களிக்கும் குழம்புக்கும் பதிலாகச் சோறும், இடையிடையே தேநீரில் நனைத்த பிஸ்கட்டும் வந்தன. விளைவிக்கும் மண்ணிலேயே கேழ்வரகு வீட்டைவிட்டு விலகி, சத்துக்கடைப் பொருளாகத் திரும்பி வருகிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது, அந்த விலகலை அரசே உணர்ந்ததன் அடையாளம்.

இன்றைய பெரிய இடைவெளி வேறொரு இடத்தில் இருக்கிறது. தளி மலையடிவாரத்து அங்கன்வாடிக் குழந்தை மாதாமாதம் தராசில் ஏறுகிறது. ஓசூர் அடுக்ககத்திலிருந்து வேனில் ஏறி எல்.கே.ஜி. போகும் குழந்தை தடுப்பூசி நாட்களோடு தராசை மறந்துவிடுகிறது. அதிக எடை கூடுதலாகத் தென்படுவது வசதியான வீடுகளில். மாதாந்திர அளவீடு நடப்பதோ வசதி குறைந்த வீடுகளின் மையங்களில். அதிக எடை தோன்றும் இடத்தில் தராசு இல்லை. பள்ளிக் கேன்டீனிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்ற 2020-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. விதி இருக்கும் அளவுக்கு அளவீடு இல்லை.

இதைச் சரிசெய்யப் புதுக் கண்டுபிடிப்பு ஏதும் தேவையில்லை. பெண்கள் மிகுதியாக வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1948-இன் தொழிற்சாலைகள் சட்டமே சொன்னது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் வேண்டும் என்று 2017-இன் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் சொன்னது. அந்தக் காப்பகங்களிலும் தனியார் மழலையர் பள்ளிகளிலும் ஒரு தராசும் ஓர் உயரக்கோலும் வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது அளக்கலாம். அளப்பதிலும் நேர்த்தி வேண்டும். ஓசூர் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். மார்கழிக் குளிரில் ஸ்வெட்டரோடும் ஷூவோடும் தராசில் ஏறும் குழந்தையின் எண் பொய் சொல்லும். இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து அளக்க வேண்டும், அதற்கு மேல் நிறுத்தி அளக்க வேண்டும். உயரத்தில் ஓரிரு சென்டிமீட்டர் பிசகினாலே குழந்தை ஒரு வரம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறிவிடும்.

எண் கிடைத்தபின் செய்வதில்தான் மனிதத்தன்மை தெரியும். அதிக எடையுள்ள மூன்று வயதுக் குழந்தையைப் பட்டினி போடக் கூடாது. பெரும்பாலும் அதன் எடையைக் குறைக்க வேண்டியதுகூட இல்லை. எடை ஏறும் வேகம் தணிந்தால் போதும், உயரம் வளர்ந்து எடையைச் சமன்செய்துவிடும். பாக்கெட் தின்பண்டம் குறைய வேண்டும், விளையாட்டு கூட வேண்டும், தூக்கம் நிறைய வேண்டும். மற்றக் குழந்தைகள் கேட்க எடையை உரக்கப் படிக்கக் கூடாது. ‘குண்டு’ என்ற பட்டப்பெயர் வகுப்பறையில் பிறக்க ஆசிரியர் இடம் தரக் கூடாது. வாரம் மூன்று முட்டையையும் சத்துமாவையும் அங்கன்வாடியிலிருந்து குறைக்க இது சாக்காகிவிடவும் கூடாது. தமிழகத்தில் நான்கில் ஒரு குழந்தை இன்னும் வளர்ச்சி குன்றியே இருக்கிறது.

தராசைத் தொங்கவிட்டவர்கள் செய்த வேலை வீண்போகவில்லை. பிள்ளையை மாதாமாதம் அளக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஏழை வீட்டு வாசலில் அவர்கள் நிலைநிறுத்தினார்கள்; இன்றைய செயலியும் கோலும் அந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கின்றன. ஏறும் கோடெல்லாம் நல்ல கோடு என்று அவர்கள் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தது, பிள்ளைகள் சாகாமல் காக்க அன்று சரியான பாடம். இன்றைய தாய்க்கு அந்தப் பாடத்தின் மறுபாதியையும் சொல்லித்தர வேண்டும்: எடைக் கோடு ஏறும்போது உயரக் கோடும் கூடவே ஏறுகிறதா என்று பார். இதைத் தளியின் தாய்க்கும் சிப்காட் குடியிருப்பின் தாய்க்கும் ஒருசேரச் சொல்லும் நாளில்தான் 1975-இல் தொடங்கிய வேலை முழுமை பெறும்.